பத்து மீட்டர் தள்ளி

கெட்ட சகவாசத்தை அளக்க முடியும் என்று கண்டுபிடித்தவர்கள், அதன் நீளம் பத்து மீட்டர் என்று முடிவு செய்தார்கள். ஏன் எட்டு இல்லை, ஏன் பன்னிரண்டு இல்லை என்று யாரும் கேட்கவில்லை. நிபந்தனையின் பேரில் சிறையிலிருந்து வெளியே வருகிறவன் மறுபடி உள்ளே போவதற்கு முக்கியமான காரணம் அவனைப் போலவே வெளியே வந்த இன்னொருவன்தான் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. ஆகவே அப்படிப்பட்ட இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவே கூடாது. ஆளுக்கொரு வளையம், வலது கணுக்காலில். ஒரு வளையம் இன்னொரு வளையத்துக்குப் பத்து மீட்டருக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் இருவருக்கும் ஒரு கரும்புள்ளி. மூன்று கரும்புள்ளி விழுந்தால் மிச்சத் தண்டனையை உள்ளே போய்க் கழிக்க வேண்டியதுதான்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வளையம் போட்டவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? யாரும் கொடுக்கவில்லை. அரசாங்கமே சென்னைக்குத் தெற்கே, உப்பங்கழி ஓரத்தில் கட்டியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளாக்குக்கு ஒருவராக அவர்களைக் கொண்டுபோய் வைத்தது. நெருங்கக் கூடாதவர்களை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, நெருங்காதே என்று சொன்னது.

ஆரம்பத்தில் வந்த வளையம், இன்னொன்று அருகே வந்தால் அதிர்ந்து எச்சரித்தது. அதை வைத்துக்கொண்டு இவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள் என்று நிபுணர்கள் கண்டுபிடித்து அதிர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரியும். புள்ளி விழுந்ததா இல்லையா என்பது மாதக் கடைசியில் நன்னடத்தை அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போடப் போனால்தான் தெரியும். அதனால் குடியிருப்பில் ஒரு வழக்கம் தானாக வந்தது. வளையக்காரர்கள் பேண்ட்டின் வலது காலை மட்டும் முழங்கால்வரை மடித்துவிட்டு நடப்பார்கள். பார்த்துக்கொள், நான் வருகிறேன், தள்ளிப் போ என்று அர்த்தம். பஸ்ஸில் முதலில் ஏறியவனுக்கு உரிமை. பிறகு ஏறியவன் மடித்த காலைப் பார்த்ததும் வாய் திறக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவான். அடுத்த ஸ்டாப் தூரமாக இருந்தால் அவன் தலையெழுத்து.

தணிகாசலத்துக்கு விழுந்த முதல் கரும்புள்ளி அப்படிப்பட்ட பஸ்ஸில். இரண்டாவது விழுந்தது நன்னடத்தை அலுவலகத்திலேயே.

"இங்கயே மேடம்! இதே படிக்கட்டுல!" என்றான். நாற்பதைத் தாண்டிய ஆள். குரலை உயர்த்தியதற்கு உடனே பயந்து கையைக் கட்டிக்கொண்டான். "எனக்கு முன்னாடி கையெழுத்து போட்டவரு மேலருந்து எறங்குறாரு. லிப்ட் ரிப்பேரு. அவருக்கு முட்டி வலி, ஒவ்வொரு படியா புடிச்சிக்கினு எறங்குறாரு. நான் வெளிய போயிடலாம்னா செக்யூரிட்டி கேட்டைச் சாத்திட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. ஒழுங்கா இருக்கேன்னு சொல்ல வந்த எடத்துல ஒழுங்கா இல்லைன்னு புள்ளி வெச்சா நான் இன்னா பண்றது?"

நன்னடத்தை அலுவலர் ரெஜினா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அந்த மெஷினுக்குப் படிக்கட்டும் தெரியாது, முட்டி வலியும் தெரியாதுங்க. நான் விளக்கம் எழுதி அனுப்பினேன். விதிவிலக்கு இல்லைன்னு ஒரே வரியில பதில் வந்துடுச்சு."

"இன்னும் ஒண்ணுதான பாக்கி எனக்கு?"

"ஒண்ணுதான். சித்திரை வரைக்கும் தாக்குப் பிடிங்க. சித்திரையில கழட்டிடலாம். இல்லைன்னா நாலு வருஷம் உள்ள. தர்ஷினியை ஹாஸ்டல்ல விடணும், ஞாபகம் வெச்சுக்கங்க."

தர்ஷினி அவன் மகள். தாய் இல்லாத பெண், ஏழாம் வகுப்பு. அவன் சிறையிலிருந்த காலம் முழுவதும் அரசு விடுதியில் இருந்தாள். அப்பா வந்து கூட்டிப்போன நாளிலிருந்து இன்றுவரை அவன் சட்டைத் துணியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று அவனே ஒருமுறை வெட்கத்தோடு சொல்லியிருக்கிறான்.

"உங்க அண்ணன் விஷயத்துலதான் எனக்குப் பயம்," என்றாள் ரெஜினா.

தணிகாசலம் சிரித்தான். "அவனா? என்னைக் காப்பாத்துறதுல என்னை விட அவன் உஷாரு மேடம்."

அண்ணன் முனிரத்தினத்தின் காலிலும் வளையம்தான். இருவருக்கும் ஒரே வழக்கு. மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையில் செம்புக் கம்பி திருடப் போனான் அண்ணன், வண்டி ஓட்ட வாடா என்று கூப்பிட்டான், தம்பி ஓட்டினான். துரத்தி வந்த காவலாளி இருட்டில் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். கொல்ல வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அவர் செத்துப்போனது செத்துப்போனதுதான், அந்தத் தண்டனையைப் பற்றி அண்ணனும் தம்பியும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை எல்லாம் வெளியே வந்த பிறகு கிடைத்ததைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் குடியிருப்பின் மைதானத்தில் இந்த ஓரத்தில் ஒருவனும் அந்த ஓரத்தில் ஒருவனும் உட்காருவார்கள். நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள். போனுக்குத் தடையில்லை, பதிவு மட்டும் ஆகும். அந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டியது ரெஜினாவின் வேலை. சதித் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். "டேய், தொப்பை வெச்சிடுச்சுடா உனக்கு, இங்கிருந்தே தெரியுது" என்பதுதான் அவள் கேட்ட பெரிய சதி. "நரைச்சிட்டியே அண்ணாத்த, சாயம் அடிக்கக் கூடாதா?" என்பது அதற்குப் பதில். ஒருமுறை அண்ணன், "உன் வளையத்தைக் கழட்டின அன்னிக்கு நீ எங்கிட்ட வந்துடாத, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு" என்றான். "எனக்குத்தான் வளையம் இருக்காதே, நான் வந்தா இன்னா?" என்று தம்பி கேட்டான். பிறகு அண்ணன், "ஆமால்ல?" என்றான். அந்தப் பதிவை ரெஜினா இரண்டு முறை கேட்டாள். வேலைக்காக அல்ல.

காணும் பொங்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று காலை ரெஜினா வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தணிகாசலம் கூப்பிட்டான். முதலில் அவன் பேசுவது புரியவில்லை. மூச்சுத்தான் கேட்டது.

"மேடம், அண்ணன் போயிட்டான் மேடம். பம்ப்புல தண்ணி புடிக்கச் சொல்லோ நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காந்தானாம். அப்படியே போயிட்டான். நான் கிட்ட போலாமா மேடம்?"

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருட வேலையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கையேட்டில் திருமணம் இருந்தது, தீ விபத்து இருந்தது, வெள்ளம்கூட இருந்தது. செத்துப்போன வளையக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் கிட்ட போகாதீங்க," என்றாள்.

வளையம் செய்யும் கம்பெனிக்கு ஆட்டோவில் போகும்போதே போன் போட்டாள். இனிமையான பெண் குரல் பொங்கல் வாழ்த்துச் சொல்லி, திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னது. மேலதிகாரிக்குப் போட்டாள். அவர் கடற்கரையில் குடும்பத்தோடு இருந்தார், பின்னால் அலைச் சத்தம். "விளக்கு எரியுதாம்மா?" என்று கேட்டார். போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

பிளாக்குக்குக் கீழே ஷாமியானா போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் முனிரத்தினம் புதுச் சட்டையில் படுத்திருந்தான், பொங்கலுக்கு எடுத்த சட்டை. மோளக்காரர்கள் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா தலைப்பக்கம் கும்பிட்டுவிட்டுக் கால்பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். வேட்டி ஓரத்துக்குக் கீழே, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் தள்ளித் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தான். அன்றைக்கும் வலது காலை மடித்துவிட்டிருந்தான். முகம் வீங்கியிருந்தது. ரெஜினா அவனிடம் நடந்து போன அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எரியுதா?"

"எரியுதுங்க."

"செத்தவன் காலுல இருந்தாலும் கணக்குல வருமா மேடம்?"

"விளக்கு எரிஞ்சா வளையம் வேலை செய்யுதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. கம்பெனியில யாரும் இல்ல. கழட்டுற சாவி அவங்க கிட்டதான் இருக்கு."

"செத்துப்போனவன் என்னை இன்னா கெடுத்துடப் போறான்?"

 

அண்ணி கோட்டீஸ்வரி தலைவிரி கோலமாக எழுந்து வந்தாள். "ரம்பம் எடுத்தாந்து அறுத்துடட்டுமா மேடம்? எம் புருசன் காலு, நான் அறுக்கறேன். என்னைப் புடிச்சிக்கினு போட்டும்."

"அறுத்தா சைரன் அடிக்கும்மா. தனிக் கேஸு. தம்பி தூண்டிவிட்டு நடந்ததுன்னு எழுதுவாங்க. திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருக்க முடியுமா? நானே போய் ஆளைக் கூட்டியாந்து கழட்டச் சொல்றேன்."

முடியாது. பண்டிகை நேரத்தில் ஐஸ் பெட்டிக்குக் கிராக்கி, சாயங்காலமே வேறு ஒரு சாவுக்குப் போக வேண்டும் என்று பெட்டிக்காரன் அப்போதே சொல்லியிருந்தான்.

"ஒரே ஒரு நிமிசம்," என்றான் தணிகாசலம். "ஒரு நிமிசத்துக்குள்ள புள்ளி விழாதுல்ல? ஓடிப் போய் மூஞ்சைத் தொட்டுட்டு ஓடியாந்துடறேன் மேடம்."

ரெஜினா அவனைப் பார்த்தாள். இந்த ஆள் ஐந்து வருடமாக அண்ணனைத் தொடவில்லை. போனால் ஒரு நிமிடத்தில் எப்படித் திரும்புவான்? விழுந்து கட்டிக்கொள்வான், யார் இழுத்தாலும் வரமாட்டான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"போனா நீங்க வர மாட்டீங்க தணிகாசலம்," என்றாள். "தர்ஷினியைப் பாருங்க."

தர்ஷினி பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பெரியப்பாவைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு அடி எடுத்து வைத்துவிடுவாரோ என்று அவள் முகம் பயந்து கிடந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தான். அப்படியே தொட்டியில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான்.

மற்ற பிளாக்குகளின் வளையக்காரர்கள் அவரவர் பால்கனியில் நின்று கும்பிட்டார்கள். யாரும் கீழே இறங்கவில்லை. தூக்க ஆளில்லாமல் அமரர் ஊர்திக்காரர்களையே தூக்கச் சொல்லியிருந்தார்கள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. கூடப் பிறந்தவன் எங்கே என்று ஒரு கிழவர் கேட்டார். யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கோட்டீஸ்வரி அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிவரை நடந்து வந்தாள்.

"அள்ளி என் கையில போடு தணிகா. உங்கையாலதான் சாப்புட்டான்னு நான் அவன் கிட்ட சொல்றேன்."

அவன் இரண்டு கையாலும் அள்ளினான். அண்ணியின் கையில் போட்டான். அவள் விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு மணிகூடச் சிந்தாமல், பழையபடி நடந்து போனாள். அங்கே புருஷன் வாயருகே கையைத் திறந்து, "உன் தம்பி குடுத்தான்யா, தின்னுக்க," என்றாள். தணிகாசலம் அப்போதுதான் கத்தினான். அண்ணா என்று அல்ல, வார்த்தையே இல்லாத கத்தல். மோளக்காரர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள்.

கொள்ளிக்குடத்தை அண்ணியின் தம்பி சுமந்தான். செத்தவனோடு பேச்சு வார்த்தை நின்றுபோய் பல வருடமானவன். ஊர்தி கிளம்பியதும் தணிகாசலம் எழுந்து பின்னால் நடந்தான். பத்து மீட்டருக்கு மேலேயே தள்ளி நடந்தான், கூட்டம் நின்றால் அவனும் நின்றான். இடுகாட்டில் குழி மூடுகிறவரை கேட்டுக்கு வெளியே நின்றான். ரெஜினாவும் கூட நின்றாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதையாவது செய்தாள்.

திரும்பும்போது அவன் கேட்டான்: "நாளன்னிக்குப் பால் தெளிக்கணும் மேடம். மண்ணுக்குள்ள இருந்தும் சிக்னல் வருமா?"

"கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

பால் தெளிப்பை அவளுக்காகவே திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று அலுவலகம் திறந்ததும் கம்பெனியைப் பிடித்தாள். ஜெகதீஷ் என்ற டெக்னீஷியன் பேசினான். அவள் அலுவலகத்துக்கே வளையம் மாட்டவும் கழற்றவும் வருகிற பையன், நல்ல சுபாவம். முனிரத்தினத்தின் வளைய எண்ணைச் சொல்லி, அதை அங்கிருந்தே நிறுத்த முடியுமா என்று கேட்டாள்.

"நிறுத்தறதா? அது வெள்ளிக்கிழமை காலையிலயே நின்னுடுச்சே மேடம்," என்றான்.

"விளக்கு எரிஞ்சுது ஜெகதீஷ். நானே பார்த்தேன்."

"விளக்குக்குத் தனி பேட்டரி மேடம், அது பாட்டுக்கு ஒரு வாரம் எரியும். சிக்னல் நாடியிலதான் ஓடுது. தோலுக்கு அடியில நாடி நின்னா சிக்னலும் நின்னுடும். அவர் செத்த உடனேயே அது வெறும் பிளாஸ்டிக். ஏன் மேடம், ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல," என்றாள்.

போனை வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாலைவரை அவன் அண்ணன் பக்கத்தில் இருந்திருக்கலாம். குளிப்பாட்டியிருக்கலாம், மடியில் தலையை வைத்திருக்கலாம், பாடையைத் தோளில் சுமந்திருக்கலாம், மண் தள்ளியிருக்கலாம். தொட்டியருகே அவனைப் பிடித்து நிறுத்தியது வளையம் அல்ல. ரெஜினாதான்.

தணிகாசலத்தைக் கூப்பிட்டு, "இப்ப நின்னுடுச்சு, தாராளமாப் போய்ப் பால் தெளிங்க," என்றாள். எப்போது நின்றது என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ரொம்ப நன்றி மேடம் என்றான்.

அடுத்தடுத்த மாதக் கையெழுத்துகளின்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைப்பாள். அவன் வருவான், புள்ளி இல்லை என்றதும் கண்ணை மூடித் திறப்பான், போய்விடுவான். வளையம் கழற்றும் நாளில் சொல்லிவிடலாம், அதன் பிறகு எந்த ஆத்திரம் வந்தாலும் அவனுக்கு நஷ்டம் இல்லை, என்னைத் திட்டிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துகொண்டாள். ஏசு சாமி படத்துக்கு முன்னால் அதைச் சத்தியமாகவே சொல்லி வைத்தாள்.

சித்திரை வந்தது. பக்கத்து அறையில் ஜெகதீஷ் வளையத்தைக் கழற்றினான். கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு தணிகாசலம் உள்ளே வந்தான். சலவைச் சட்டை. பேண்ட்டின் இரண்டு காலும் கணுக்கால்வரை இறங்கியிருந்தன. கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறான், இந்த நாளில் எல்லாரும் அழுவார்கள்தான்.

ரெஜினா சான்றிதழை நீட்டினாள். முன்னுதாரணமான நன்னடத்தை என்று அச்சடித்திருந்தது. நெருங்கிய உறவினரின் மரணத்தின்போதும் நிபந்தனையை மீறாதவர் என்று மேலதிகாரி தனியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார். மாதிரிக்காக அதைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பியிருந்தார்கள்.

தணிகாசலம் அந்த வரியைப் படித்தான். மெதுவாகப் படிக்கிற ஆள். படித்து முடித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

இப்போது சொல்ல வேண்டும். ரெஜினா வாயைத் திறந்தாள்.

"தணிகாசலம், அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு கேள்வியும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அவளுக்குத் தைரியம் போய்விட்டது. "அன்னிக்கு நீங்க கிட்ட போகாம இருந்தது நல்லதாப் போச்சு. அந்த வளையம் அடுத்த நாள் வரைக்கும் வேலை செஞ்சிருக்கு. போயிருந்தா மாட்டியிருப்பீங்க."

அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான்.

"ஆமா மேடம்," என்றான். "நீங்க இருந்ததாலதான் தப்பிச்சேன். இல்லாட்டி எம் பொண்ணு இன்னிக்கு ஹாஸ்டல்ல இருந்திருக்கும்."

இரண்டு கையையும் தூக்கி நன்றாகக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவனுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ரெஜினா தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாதி நிஜம். மீதிப் பாதி அவளுக்கே தெரியும். என்னவானாலும் அந்த மனிதன் நிம்மதியாக இருப்பான், அது போதும் என்று நினைத்தாள். கொஞ்சம் அழுதாள்கூட.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜெகதீஷ் வந்தான்.

"அடுத்தவரை வரச் சொல்லட்டுமா மேடம்?" என்றவன் கதவருகிலேயே நின்றான். "பாவம் மேடம் அவரு. கழட்டும்போது கேட்டாரு, ஆளு செத்துப்போனா இது எவ்ளோ நேரத்துல நிக்கும்னு. நாடி நின்னா நின்னுடும் சார், விளக்கு மட்டும் சும்மா எரியும்னு சொன்னேன். அப்புறம் குனிஞ்சவரு நிமிரவே இல்ல. தண்ணி குடுத்தேன், வாங்கல."

"இது எப்போ?"

"இப்பதான் மேடம். உங்க ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி." ஜெகதீஷ் தயங்கினான். "உங்க கிட்ட சொல்லாதன்னாரு. லீவு நாள்ல எனக்காக வந்து கூடவே நின்னவங்க, தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு. நான்தான் ஒளறிட்டேன், இல்ல?"

இல்லை என்று ரெஜினா தலையாட்டினாள்.